எலிப்பொறிச் சுவர்

வடபழனியில் ஆர்க்காடு சாலையை விட்டு உள்ளே திரும்பினால், கண்ணாடி போர்த்த கட்டடங்களுக்கு நடுவே பூச்சே காணாத ஒரு செங்கல் மதில் தென்படுகிறது. அதைக் கண்டால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் ஞாபகம் வருவது எனக்குச் சகஜம். 1970களில், மேல்நாட்டார் கட்டடக் கலையின் இலக்கணத்தையெல்லாம் கலைத்துப் பிரசித்தி தேடிக்கொண்டிருந்த காலத்தில், திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டிய அம்மனிதர் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டது வெறும் செங்கல்லை! கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி, முகத்துக்கு ஒன்றாக இரண்டும், அவற்றை இணைக்கக் குறுக்கே ஒன்றுமாக அடுக்கிச் செல்ல, ஒன்பது அங்குலச் சுவரின் வயிற்றில் மூன்று அங்குல வெற்றிடம் விழுகிறது. அதில் தங்கும் காற்று வெயிலின் உக்கிரத்தைத் தணிக்க, செங்கல்லிலும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது. இதுவே எலிப்பொறிக் கட்டு. பூச்சு மறைக்காததால் கொத்தனாரின் கைப்பிழை ஒவ்வொன்றும் பகிரங்கமாகிவிடும். ஆகையால் தூக்குக்குண்டை அடிக்கடி தொங்கவிட்டு, பிதுங்கும் கலவையைக் கரண்டி நுனியால் வழித்து, இணைப்பைக் கோடு கிழித்தாற்போல் முடிக்கும் நிதானம் வேண்டும். சதுர அடிக் கணக்கில் கூலி பேசும் இந்நாளில் அந்த நிதானத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? பேக்கரைத் தரிசிக்கச் சென்னைவாசிகள் திருவனந்தபுரம்வரை போகவேண்டியதில்லை. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் வடிவமைப்பிலும் அவர் கை உண்டு.