கரின்ஸ்கா வெட்டிய துணி

பாலே ஆடுபவர்கள் அணியும் டுட்டுவில் எல்லோர் கண்ணும் பாவாடையில்தான் விழும். எனக்கு அதன் மேற்சட்டைதான் அதிசயம். ஆடுபவள் மூச்சிரைக்கச் சுழல்வாள், கையை உயர்த்துவாள், இடுப்பைப் பிடித்து அவளைத் தூக்குவார்கள். சட்டை இம்மியும் நகரக் கூடாது. கார்கிவில் பிறந்து, நியூயார்க் சிட்டி பாலேவுக்கு உடை தைத்த பார்பரா கரின்ஸ்கா, விலாப்பக்கத் துண்டுகளை கிராஸாக வெட்டினார். மூச்சை இழுத்தால் துணி இளகிக் கொடுக்கும், விட்டால் உடம்போடு வந்து ஒட்டிக்கொள்ளும். கிராஸ் கட் ரவிக்கை தைப்பவர்களுக்கு இந்த நுட்பம் சொல்லாமலே புரியும்.

1950இல் நடன அமைப்பாளர் பாலஞ்சினின் 'சிம்பொனி இன் சி' பாலேவுக்காகப் பாவாடையிலும் கை வைத்தார். தட்டுப்போல் விறைத்து நிற்க உள்ளே வைக்கும் வளையம், பலர் சேர்ந்து ஆடும்போது பக்கத்துப் பாவாடையில் இடிக்கும். அதை எடுத்துவிட்டார். நெட் அடுக்குகளைக் குறைத்து, தளர்வான நூலோட்டத்தில் பிணைத்தார். பாவாடை மெத்தென்று தானாகவே நின்றது. எவ்வளவு துணிச்சலான கழித்தல்!

நல்ல டுட்டு பல ஆண்டுகள் உழைக்கும். முதுகில் கொக்கிகளுக்கு இரண்டு மூன்று வரிசைக் கண்ணிகள் வைப்பார்கள், அடுத்து அணிபவளின் அளவுக்கு மாற்றி மாட்டிக்கொள்ள. அடுக்குகள் தொய்யாதிருக்கத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள்.