பனி சரி, பில் எங்கே?

நாமக்கல்லிலிருந்து லாரி டெல்லிக்குக் கிளம்புகிறதென்றால், டீசல், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் கூட்டிப் பார்க்காமல் ஓனர் சாவியைத் தரமாட்டார். ஆனால் சுவிட்சர்லாந்து போய்வந்த நம்மவர்களின் பயணக் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். பனி உண்டு, ஏரி உண்டு. காசைப் பற்றி மட்டும் மூச்சு இருக்காது!

ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ வந்தது 1940-ல். பிற்பாடு மணியன், விகடனில் ‘இதயம் பேசுகிறது’ எழுதினார். அன்றைய வாசகருக்கு வெளிநாடு எட்டாக் கனி, வர்ணனையே போதும். இன்றைக்கு சேலத்து வாத்தியார் வீட்டு பீரோவிலும் பாஸ்போர்ட் இருக்கிறதே!

அவருக்கு என்ன வேண்டும்? ஷெங்கன் விசா 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது. 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். சுவிஸ் செலவு யூரோவில் இல்லை, ஃபிராங்க்கில். ஒரு மாத ‘ஹாஃப் ஃபேர் கார்டு’ வாங்கினால் பெரும்பாலான ரயில்களில் பாதி டிக்கெட். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பாட்டில் காசு மிச்சம்.

இதையெல்லாம் எழுதினால் இலக்கியம் கெட்டுவிடுமா சார்? அழைத்தவர் செலவில் போனால் விலைப்பட்டியல் கண்ணில் படாதுதான். ஆனால் படிக்கிறவர் பி.எஃப். பணத்தில் கிளம்புகிறார். அவருக்குப் பனியைக் காட்டிவிட்டு, பில்லை மறைக்கலாமா?