விட்டுப் பிடிக்கிற ஆட்டம்

“அலை வருது, இவன் வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கான்!” மாமல்லபுரத்து அலைச்சறுக்குப் போட்டிகளில் இந்தக் கூச்சல் இல்லாமல் ஒரு ஹீட்டும் (சுற்றும்) முடிவதில்லை. கத்துகிறவர்களில் பாதிப் பேர் போர்டு பிடித்துப் பழகியவர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவர்கள் திட்டுகிற அந்தப் பையன் நம் குப்பத்துப் பிள்ளை. அடுத்தடுத்து வருகிற அலைக்கூட்டத்தின், அதாவது செட்டின், முதல் அலையை அவன் பெரும்பாலும் விட்டுவிடுவான். இடுப்பளவு அலைக்கே இப்படித் தயங்கினால் எப்படி என்கிறார்கள். தயக்கமா அது? எத்தனை அலை ஏறினாலும் கணக்கில் சேர்வது சிறந்த இரண்டுதான். பிரையாரிட்டி, அதாவது முதலில் அலையைத் தேர்ந்தெடுக்கிற உரிமை, இருக்கும்போது ஓர் அலைக்குப் பேடில் செய்து தவறவிட்டால், அந்த உரிமையும் போச்சு. மோசமான அலையைத் துரத்துகிறவனைச் சுறுசுறுப்பானவன் என்று கைதட்டுகிறோம்.

நம் கரையில் கடல்மட்டத்தின் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதனால் தண்ணீர் மட்டத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தன் உயரத்தைவிடக் கொஞ்சமே ஆழம் கூடிய இடத்தில்தான் அலை உடையும். இடுப்பளவு அலைக்கு ஒரு மீட்டர் என்பது உலகமே மாறுகிற அளவு. வத்தத்தில் அலை வெளி மணல்திட்டின் மேல் சட்டென்று குத்திட்டு, நீளவாக்கில் மொத்தமாக மூடிக்கொள்ளும். திரும்ப இடம் கிடையாது. ஏத்தத்தில் அதே அலை திட்டைச் சத்தமில்லாமல் தாண்டி, சோம்பலாக உருண்டு, கரையோரத்தில் வந்து கவிழும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன நேரம் உண்டு. பையன் காத்திருப்பது அதற்காக. முதல் அலை எங்கே உடைகிறது என்று பார்த்துவிட்டு நாலு கை தள்ளி உட்கார்கிறானே, அதை யாராவது கவனித்தீர்களா?

கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரியில், மழைக்காலத்தில் கயாக் போட்டி நடக்கிற சாலிப்புழை, இருவஞ்ஞிப்புழைக் கரைகளிலும் தண்ணீர் மட்டத்தைப் பற்றி இதே தப்புக்கணக்கு உண்டு. தண்ணீர் இறங்கினால் சுலபம் என்பார்கள். இறங்கினால் பாறைகள் தலைதூக்கும், படகு உரசும், போகிற வழி ஒன்றோ இரண்டோதான். ஏறினால் பாறை முழுகும்; கூடவே அதன் பின்னால் ஒதுங்கி மூச்சு வாங்குகிற அமைதியான நீரும் காணாமல் போகும். சுலபமான ஓடை என்று பெயர் வாங்கியதுதான் மட்டத்துக்கு மட்டம் ஆளை ஏமாற்றும்.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இங்கே நடந்தபோது வெளியாட்கள் சிலர் நம் அலையைச் ‘சின்னது’ என்று முகம் சுளித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெறுகிறது. அங்கே அலை சின்னதாக இருந்தால் நம் பிள்ளைகள் பெரிய பெயர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் பசிபிக் கரையில் செப்டம்பர் புயல் அலை எழும்பிவிட்டால், எனக்கும் கொஞ்சம் பயம்தான்.

நம் பையனைப் பற்றியும் ஒரு கணிப்பு. தென்திசை அலை வருகிற மே மாதத்துக்குப் பிறகு, காலையில் மேல்காற்று லேசாக வீசி, வத்தம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்குகிற நேரத்தில் அவனுக்கு ஒரு ஹீட் அமையட்டும். முதல் பத்து நிமிடம் ஓர் அலைகூட எடுக்கமாட்டான். கரையில் அதே கூச்சல் கேட்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டே அலை. அன்றைக்கு நான் கத்துகிறவர்கள் பக்கத்தில்தான் நிற்பேன், அவர்கள் முகத்தைப் பார்க்க.