கதை வகுத்த தளவரைபடம்: கட்டடக்கலையில் புனைவு மரபின் பள்ளிகள்

கட்டடம் வடிவமைக்கும் பணியில் புனைகதை இரண்டு நிலைகளில் இடம்பெறுகிறது. வரைபடம் முடிந்தபின், கட்டுவிப்போரையோ போட்டி நடுவர்களையோ இணங்கவைக்கச் சொல்லப்படுவது ஒன்று. ஒரு கோடும் போடப்படாத நிலையில், அங்கே யார் வருவார், என்ன செய்வார், எதற்கு அஞ்சுவார் என்று வகுத்து, அதன்படி அறையையும் வாசலையும் முடிவுசெய்வது மற்றொன்று. முன்னது விளம்பரம். பின்னதோ தேவைப்பட்டியலின் வேலையைச் செய்கிறது. தேவைப்பட்டியல் என்பது யாருக்கு, எந்தப் பயனுக்கு, எவ்வளவு இடம் வேண்டும் என்று கட்டடக் கலைஞரிடம் முன்கூட்டித் தரப்படும் குறிப்பு. ஆகவே இம்மரபின் பள்ளிகளை மதிப்பிட முதல் அளவுகோல் ஒன்று உண்டு: கதையை எடுத்துவிட்டால் தளவரைபடம் மாறுமா?

அந்தோனியோ அவெர்லினோ என்ற இயற்பெயர் கொண்ட பிலரேத்தே, 1460களின் தொடக்கத்தில் மிலான் நகரில் எழுதிய கட்டடக்கலை நூல், ஓர் ஆட்சியாளரும் அவருடைய கட்டடக் கலைஞரும் ஸ்போர்ஸிந்தா என்னும் கற்பனை நகரத்தைக் கட்டியெழுப்பும் உரையாடலாக நடக்கிறது. அந்நூலில் வரும் ஒழுக்கமும் இழுக்கமும் குடியிருக்கும் பல மாடி இல்லத்தில் பரத்தையர் விடுதி அடியிலும் கல்விக்கூடங்கள் அதற்கு மேலும் இருப்பதால், கட்டடத்தை நெடுக்காக அறுத்துக் காட்டும் வெட்டுமுக வரைபடமே கதையின் நீதியைச் சொல்லிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு மீண்டும் வலுப்பெற்ற இடங்களுள் ஒன்று ஃபுளோரன்ஸ். அங்கே 1966இல் தோன்றிய சூப்பர்ஸ்டூடியோ குழு, 1971இல் பன்னிரண்டு இலட்சிய நகரங்களைச் சிறு கதைகளாக வெளியிட்டது. முதல் நகரத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் குறைவின்றி வாழ்கின்றனர். கலகம் செய்ய எண்ணுபவர் தம் எண்ணத்தைக் கைவிடாவிட்டால், கூரை இரண்டாயிரம் டன் விசையுடன் அவர்மீது இறங்கும். நவீனத் திட்டமிடலின் தருக்கத்தை அதன் எல்லைவரை தள்ளிக் காட்டும் எள்ளல் இது. ஆனால் அந்நகரங்களில் வாழ்வோருக்கு முகமில்லை. எல்லாரும் ஒரே அளவில் வார்க்கப்பட்டவர்கள். எச்சரிக்கையாக அது போதும், வடிவமைப்புக் கருவியாகப் போதாது.

இலண்டன் பள்ளியில் புனைவு பயிற்சி முறையாகவே மாறியது. ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனில் 1970களில் கற்பித்த பெர்னார்ட் சூமி, வழக்கமான தேவைப்பட்டியலுக்குப் பதிலாக காஃப்கா, கால்வினோ, எட்கர் ஆலன் போ ஆகியோரின் எழுத்தை மாணவர்களுக்குக் கொடுத்தார். ஜேம்ஸ் ஜாய்ஸின் கடைசி நாவலை அடிப்படையாக வைத்து கோவென்ட் கார்டன் பகுதிக்கு ஒரு திட்டமும் செய்யப்பட்டது. 1976 முதல் 1981 வரை அவர் வரைந்த ‘மன்ஹாட்டன் டிரான்ஸ்கிரிப்ட்ஸ்’ ஒரு பூங்காக் கொலையில் தொடங்குகிறது: நிகழ்ச்சிக்குப் புகைப்படம், இடத்துக்குத் தளவரைபடம், உடல்களின் அசைவுக்குக் குறியீட்டுக் கோடு என மூன்றும் அருகருகே ஓடுகின்றன. கோவென்ட் கார்டன் திட்டத்தில் பயன்பட்ட புள்ளிக் கட்டம், பின்னர் பாரிஸின் லா வில்லெத் பூங்காவில் 120 மீட்டர் இடைவெளியில் நிற்கும் செந்நிறச் சிறு கட்டடங்களாகத் திரும்பி வந்தது என்பது, புனைவுப் பயிற்சி வீண் விளையாட்டு என்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இம்மரபின் உச்சம் ஜான் ஹெய்டக். நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கட்டடக்கலைப் பள்ளியை 1975 முதல் 2000 வரை வழிநடத்திய அவர், தம் பிற்காலப் பணிகள் பலவற்றை ‘மாஸ்க்’ என்று அழைத்தார். முகமூடி அணிந்தோர் ஆடிய பழைய ஆங்கில அரசவைக் கூத்தின் பெயர் அது. பெர்லினில் நாஜிகளின் வதைக்கூடம் இருந்த மனைக்காக அவர் வகுத்த ‘விக்டிம்ஸ்’ திட்டத்தில் 67 அமைப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஒரு மாந்தர் உண்டு. எதைக் கட்டுவது, எதை விடுவது என்ற முடிவு நகர மக்களிடம் விடப்பட்டது. பிராகில் 1969இல் தீக்குளித்த மாணவர் யான் பாலக்கின் நினைவாக அவர் அமைத்த இரு வீடுகளில், தற்கொலை செய்துகொண்டவனின் வீட்டுக்குள் எவரும் நுழைய இயலாது. தாயின் வீட்டுக்குள் நுழைந்து, ஒரு பிளவு வழியே மகனின் வீட்டைப் பார்க்க மட்டும் முடியும். அங்கே உறவு வாசலின் இருப்பாகவும் இன்மையாகவும் ஆகிவிடுகிறது. கதையை நீக்கினால் கட்டடமே நிற்காது.

முன்வார்ப்புப் பலகைகளால் ஒரே அச்சில் வீடுகள் எழுந்த சோவியத் நாட்டில், அலெக்சாண்டர் பிராட்ஸ்கியும் இல்யா உத்கினும் 1980களில் ஜப்பானியப் போட்டிகளுக்காகச் செதுக்கோவியங்களை அனுப்பினர். கட்டும் வாய்ப்பே இல்லாததால் பிறந்த இந்தக் ‘காகிதக் கட்டடக்கலை’யில் கதையும் வரைபடமும் ஒரே தகட்டில் செதுக்கப்பட்டன, இடிக்கப்படும் பழைய வீடுகளை மாடம் மாடமாக அடுக்கிவைக்கும் மண்டபம் அவர்களுடைய புகழ்பெற்ற கற்பனை. வாசிப்பவர் மயங்குமளவு அழகியவை அவை. ஆயினும் ஹெய்டக்கின் மாந்தர்களைப்போல அவை இடத்தோடு வழக்காடுவதில்லை, நினைவேக்கத்தில் நின்றுவிடுகின்றன.

2013இல் தொடங்கிய ‘ஃபேரி டேல்ஸ்’ போட்டி, சிறுகதையும் சில படங்களும் கேட்டு இம்மரபை உலகெங்கும் பரப்பியிருக்கிறது. கணினியால் மெருகேற்றப்பட்ட இத்தகைய படங்களில் மூடுபனிக்கும் தொங்கும் கோபுரங்களுக்கும் பஞ்சமில்லை. அவற்றுள் எத்தனைக்கு வெட்டுமுக வரைபடம் வரைய முடியும், வரைந்தால் அதில் கதைமாந்தர் நடந்துபோக ஒரு படிக்கட்டாவது கதையால் இடம் மாறியிருக்குமா என்று கேட்டால், பலவற்றைப் படம் போட்ட சிறுகதைகள் என்ற வரிசையிலேயே வைக்க நேரும்.