இறங்காத கல்யாணி

ஒரு பரிசோதனை காதுக்குக் கேட்க வேண்டுமா, தாளில் இருந்தால் போதுமா? நவீன இசையைப் பற்றிய பேச்சு எங்கே சுற்றினாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

1920களில் ஷோன்பெர்க் ஒரு விதி போட்டார்: 12 ஸ்வரங்களையும் வரிசையாக அடுக்கு, வரிசை முடியும்வரை எதற்கும் திரும்பாதே. கறாரான விதி. ஆனால் அந்த வரிசையைக் காதால் பின்தொடர்வது பயிற்சி உள்ளவர்களுக்கே கஷ்டம். நம் பக்கம் பாலமுரளிகிருஷ்ணா லவங்கி ராகத்தை ச, ரி, ம, த என்று நாலே ஸ்வரத்தில் அமைத்தார். அங்கே விதி உடனே கேட்டுவிடுகிறது. விட்டுப்போன ஸ்வரங்களின் காலியிடம்தான் அந்த ராகத்தின் முகம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நான் வைப்பது 'கலைவாணியே' பாட்டை. 1985இல் வந்த 'சிந்து பைரவி'க்காக ஜேசுதாஸ் பாடியது. இளையராஜாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அந்தப் படத்தின் பரிசோதனை என்றாலே, காம்போதியில் இருந்த தியாகராஜரின் 'மரி மரி நின்னே'வைச் சாரமதிக்கு மாற்றியதைத்தான் பேசுவார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'கலைவாணியே'வில் நடப்பது இன்னும் நுட்பமானது. கல்யாணியின் ஆரோகணத்தை மட்டும் வைத்து மெட்டுப் போட்டிருக்கிறார். ஸ்வரங்கள் ஏறலாம், படிப்படியாக இறங்கக் கூடாது.

புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது வெறும் லூப் மாதிரித் தெரியும். மேலே போ, குதித்துக் கீழே வா, மறுபடி ஏறு. அப்படியென்றால் கேட்கும்போது ஏன் ஏணி ஏறுகிற அலுப்பு வரவில்லை?

ஒன்று, குதிக்கும் இடத்தில் மூச்சு இருக்கிறது. ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் இறக்கம் ஒளிந்துகொள்கிறது. இன்னொன்று, கமகம். முள்ளுக்குறிச்சியில் நின்று பார்த்தால் கொல்லிமலை நேராக எழும் சுவர் மாதிரி இருக்கும். காரவள்ளி வழியாக ஏறிப் பார்த்தால்தான் 70 கொண்டை ஊசி வளைவுகள் தெரியும். எழுதிவைத்த ஸ்வரம் அந்தச் சுவர். பாடும் குரல் அந்தச் சாலை. கல்யாணியின் காந்தாரம் பெரும்பாலும் நேராக நிற்காது. மேல் ஸ்வரத்தைத் தொட்டு, திரும்பி, அசையும்.

அந்தத் திரும்பல் இறக்கம்தானே, விதி உடைந்துவிட்டதே என்று கேட்கலாம். கணக்காகப் பார்த்தால் ஆமாம். ஆனால் அந்த அசைவையும் தடுத்திருந்தால் கல்யாணி போய் வெறும் ஸ்கேல்தான் மிஞ்சியிருக்கும். விதியை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் இங்கே இசையமைப்பு.

பாட்டின் முதல் சொல்லே ஒரு விளி. கூப்பிடுகிற குரல் உயரும். பதில் வந்தால்தான் தணியும். இங்கே மெட்டு தணிவதற்கு வழியே இல்லை. ஆரோகணம் என்ற சொல்லையே கேள்விப்படாதவருக்கும் அந்தத் தவிப்பு போய்ச் சேர்கிறது. விதியின் பெயர் தெரியாமலேயே அதன் விளைவு கேட்கிறதென்றால், அந்தப் பரிசோதனை தாளைத் தாண்டிவிட்டது. அடுத்த முறை ஹெட்போனில் கேட்கும்போது வரிகள் முடியும் இடங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள்.