விழா மலரில் இல்லாத பெயர்கள்

வழக்கமாக நாவல்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்தத் தடவை எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன். ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பங்குக் கோயிலின் பொன்விழா மலர். நூற்றுச் சொச்சம் பக்கம், வழவழப்பான தாள், அட்டையில் கொடிமரமும் தேரும். மலர்க்குழுவில் நானும் இருந்தேன். ஆகவே இங்கே சொல்லப்போகும் குறைகளில் பாதி என்னுடையவை.

இந்த வகைப் புத்தகத்தை இலக்கிய வாசகர்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதி, தன் காசில் அச்சடித்து, தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளும் புத்தகம் இது. அதற்காகவே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அமைப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் ஆயரின் வாழ்த்துச் செய்தி, அப்புறம் பங்கின் வரலாறு, பணியாற்றிய குருக்களின் பட்டியல், அன்பியங்கள், மரியாயின் சேனை, பாடகர் குழு, பீடச்சிறுவர்கள், நன்கொடையாளர் படங்கள். கடைசியில் விளம்பரங்கள்: கோழித் தீவனக் கடை, லாரி பாடி கட்டும் பட்டறை, ரிக் வண்டி உதிரிபாகம். நாமக்கல் மாவட்டத்துப் பொருளாதாரத்தை ஒரே மூச்சில் படிக்க வேண்டுமானால் அந்தக் கடைசிப் பத்துப் பக்கம் போதும்.

கத்தோலிக்கத் தமிழில் ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகத்துக்குப் பெயர் ‘பங்கு’. “நீங்க எந்தப் பங்கு?” என்றுதான் விசாரிப்போம். சொத்திலும் சோற்றிலும் கேட்கிற அதே பங்குதான். இந்த மலரிடம் நான் கேட்கும் கேள்வியும் அதுவே. இதில் யாருக்கு எவ்வளவு பங்கு?

வரலாற்றுக் கட்டுரை 1623இல் தொடங்குகிறது. ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து கிளம்பிச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த ஆண்டு அது. சேந்தமங்கலத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அடுத்த பத்தியில் 1930, சேலம் மறைமாவட்டம் உருவாகிறது. நடுவில் முந்நூறு வருஷம் நாலு வரியில் ஓடிவிடுகிறது. நொபிலி சந்நியாசிக் கோலத்தில் முதலில் உயர்சாதியினரை நோக்கிப் போனவர். தாழ்த்தப்பட்டவர்களிடம் போவதற்குப் பண்டாரசாமிகள் என்று தனியாக ஒரு வகைக் குருக்கள் 1640இல் வந்தார்கள். பல்தசார் தா கோஸ்தா அதில் முதல்வர். எங்கள் பங்கில் கணிசமான குடும்பங்களின் கதை நொபிலியைவிடப் பண்டாரசாமிகளுக்குத்தான் நெருக்கம். மலரில் நொபிலிக்கு ஒரு முழுப்பக்கப் படம் இருக்கிறது. பண்டாரசாமி என்ற சொல்லே இல்லை.

மொழியைப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வழிபாட்டை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தது. அதன்பின் கத்தோலிக்கத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அந்த மாற்றத்தை உறுதிப்படுத்தியது. பூசை திருப்பலி ஆனது. ஞானஸ்நானம் திருமுழுக்கு, அர்ச்சியசிஷ்டவர் புனிதர், சம்மனசு வானதூதர். நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கிழவிகள் இன்னமும் பூசைக்குத்தான் போகிறார்கள், சேசுவைத்தான் கூப்பிடுகிறார்கள். மலருக்காக முதியவர்களிடம் பேட்டி எடுத்தோம். “அப்பல்லாம் பூசைக்கு ஆறு மைல் நடந்து போவோம்” என்று ஒரு பாட்டி சொன்னதை “திருப்பலிக்கு ஆறு மைல் நடந்து செல்வோம்” என்று திருத்தியவன் நான். அச்சில் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தப் பாட்டி நடந்து போனது பூசைக்கு.

ஆக, மலர் எதையும் பொய்யாகச் சொல்வதில்லை. ஓரங்களை நறுக்கிவிடுகிறது. கொடியேற்றம் இருக்கிறது, முதல்நாள் தேரை யார் தொடுவது என்ற சண்டை இல்லை. கல்லறைத் திருநாள் இருக்கிறது, கல்லறையில் யார் எந்தப் பக்கம் என்பது இல்லை. இதை எழுதியவர்கள் உண்டு. பாமாவின் ‘கருக்கு’ (1992) கன்னியர் மடத்தை விட்டு வெளியேறியவர் எழுதியது. கோயிலுக்குள்ளும் மடத்துக்குள்ளும் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அது ஊர்ப்பேச்சிலேயே சொன்னது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கடற்கரைப் பங்குகளை எழுதியது. எங்கள் சமவெளிக்கு அப்படி ஒரு புத்தகம் என் வாசிப்பில் தட்டுப்படவில்லை. கோழிப்பண்ணைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில், ரிக் வண்டியோடு வடக்கே போன ஆண்கள் திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வரும் இந்தப் பங்கு வாழ்க்கையை யாரும் ஏன் எழுதவில்லை என்று கோபமாக ஒரு கட்டுரை வைத்திருந்தேன். மௌனம் என்றால் ஒடுக்குமுறை. அதுதான் அந்தக் கட்டுரையின் வாதம்.

அதைக் கலைத்தது ஒரு அக்கா. அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். இருபது வருஷமாகத் திருவிழாச் சாப்பாடு அவர் கையில்தான். அவர் படத்தை ஒரு முழுப்பக்கம் போட வேண்டும் என்று மலர்க்குழுவில் அடம்பிடித்து வாங்கியிருந்தேன். சேதி தெரிந்து சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏங் கண்ணு, அந்தப் போட்டோவப் போட்டுராத. பேரும் வேண்டாம்.”

“ஏனுங்க்கா?”

“பையன் பரிட்ச எழுதிட்டிருக்கறான். சர்ட்டிபிகேட்டுல வேற மாதிரி இருக்குது. நாளைக்கு எவனாவது இந்தப் புஸ்தகத்தத் தூக்கிட்டுப் போயி ஆபீசுல காட்டுனா?”

விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு: 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சேரியில் வீடு மாறவில்லை, டீக்கடையில் பார்வை மாறவில்லை, காகிதம் மட்டும் மாறிவிடும். அதனால் பல வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்பது அதன் சாரம். அங்கே முன்வைக்கப்பட்ட சான்றுகளில் ஒன்று திருமுழுக்குப் பதிவு.

அந்தப் பதிவேட்டையும் மலர் வேலைக்காகப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், தேதி, குருவின் கையெழுத்து. உறுதிபூசுதலும் கல்யாணமும் பிற்பாடு அதே வரியின் ஓரத்தில் ஏறும். ஒரு ஆயுளை இவ்வளவு சிக்கனமாகச் சொல்லும் எழுத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இறைவன் முன் உனக்கு ஒரு பெயர் உண்டு என்பதற்காக எழுதிய வரி, நீதிமன்றத்தில் எதிர்சாட்சியாக நிற்கிறது.

இதற்குப் பிறகு என் கட்டுரையை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. மலரின் மௌனங்களில் இரண்டு வகை இருக்கிறது. பண்டாரசாமிகளை விட்டதும் தேர்ச் சண்டையை விட்டதும் வலியவர்கள் தங்கள் வசதிக்கு விட்டவை. அவற்றைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அக்காவின் பெயரை விட்டது ஒரு பங்கு தன் ஆளை மறைத்துக் காப்பாற்றியது. அச்சில் இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது. தூரத்தில் உட்கார்ந்து வாசிக்கிற விமர்சகனுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கே ஒரு சாயங்காலம் முன்புவரை தெரியவில்லை.

எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. திருவிழாவை எழுதினால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்துத் திருச்செங்கோடு ‘மாதொருபாகன்’ விவகாரத்தில் 2015இல் பார்த்துவிட்டது. பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். மறுவருஷம் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அங்கே விலை கொடுத்தவர் எழுத்தாளர். எங்கள் பங்கு நாவலுக்கு விலை கொடுக்கப்போவது அக்காவின் பையன். அந்த வித்தியாசத்தைத் தாங்கக்கூடிய ஒரு புனைவு வடிவம் வேண்டும். பெயரை மறைத்துக்கொண்டே உண்மையைச் சொல்கிற வடிவம். நாவல் அதற்குத்தானே இருக்கிறது?

அன்றைக்கு அக்காவிடம் கேட்டேன், “இத்தன வருசம் ஆக்கிப் போட்டீங்க, ஒரு எடத்துலயும் பேரு இல்லாம போகுதேக்கா?”

“சோறு நாந்தான் ஆக்குனேன்னு திங்கறவங்களுக்குத் தெரியும், போ.”

அந்தப் பக்கத்தில் தீவனக் கடை விளம்பரம் வந்தது. திருவிழா முடிந்த ஞாயிறு, பூசைக் கடைசியில் அறிவிப்பு வாசித்தார்கள். சமையலுக்கு உதவிய அனைவருக்கும் பங்குப் பேரவை சார்பாக நன்றி. பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்த வரியில் பாதிக் கோயில் திரும்பி, பின்வாசல் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தது. அவர் முந்தானையைத் தலைமேல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.