கோசரமும் கவ்வியூதியும்

சைவ நூல்களுள் இறைவனைக் குறித்து வழங்கும் சொற்களுள் அகோசரம் என்பதும் அவாங்மனசகோசரம் என்பதும் பெரிதும் பயின்றவை. இவற்றிற்குப் பொருள் கூறுவோருட் பலர் 'எட்டாதது' என ஒரு சொல்லாற் கூறிச் செல்வர். சிலர் 'அறியப்படாதது' என்பர். இவ்விரண்டும் முற்றும் பிழையென்று ஒதுக்கத் தக்கன அல்ல. ஆயினும், கோசரம் என்னும் சொல் பிறந்த நிலத்தை மறந்து கூறப்பட்டன ஆதலின், முன்னையது இறைவனைச் சேய்மைக்கண் வைப்பதாகவும், பின்னையது அவனை இன்மைக்கண் வைப்பதாகவும் முடிதல் கூடும். அச்சொல் பிறந்த நிலம் யாதெனின், ஆக்கள் மேயும் புல்நிலமே யாம்.

கோ என்பது ஆ. சரம் என்பது சரித்தற்கு இடம். பாணினி முனிவர் மூன்றாம் அத்தியாயத்து மூன்றாம் பாதத்தில், 119 ஆம் சூத்திரத்து, இச்சொல்லைச் சஞ்சரம் முதலிய வேறு சில சொற்களோடு ஒருங்கு வைத்து ஓதினார். ஆக்கள் சரிக்கும் இடம் கோசரம் எனக் காசிகையுரை விரித்தது. கோ என்பதற்கு இந்திரியம் என்னும் பொருளும் உண்மையின், ஆன் மேய்புலம் இந்திரியங்களின் மேய்புலமாயிற்று. அதன்பின் விடயம் என்னும் பொருளே தலைமை பெற்று, புல்லின் பசுமை சொல்லினின்றும் மறைந்தொழிந்தது. சோதிட நூலார் கோள்களின் நடையைக் கோசாரம் என்பதும் இச்சொல்லின் வழிப்பட்டதே. தமிழ் மக்கள் அதனைக் கோட்சாரம் ஆக்கி, ஆவை விடுத்துக் கோளை உள்ளே புகுத்திக்கொண்டனர்.

இதனோடு ஒருங்கெண்ணத் தக்க பிறிதொரு சொல் கவ்வியூதி என்பது. இதுவும் கோ என்பதனை முதலாக உடையது. இருக்கு வேதத்தில் இதுவும் ஆன் மேயும் புல்நிலத்தையே குறிக்கும். அந்நிலத்தை நெய்யால் நனைக்குமாறு மித்திரனையும் வருணனையும் வேண்டும் மந்திரம் மூன்றாம் மண்டலத்து உண்டு. முதன் மண்டலத்து 25 ஆம் சூத்தத்தில், சுனச்சேபன் தன் எண்ணங்கள் பரந்த பார்வையையுடைய வருணனை விழைந்து, ஆக்கள் புல்நிலங்களை நோக்கிப் போவனபோலப் போகின்றன என்கின்றான். எண்ணத்தை ஆவாகவும், அது நாடும் பொருளைப் புல்நிலமாகவும் கண்ட இக்காட்சி பிற்காலத்தார் கோசரம் என்னுஞ் சொல்லிற் கண்டதற்கு மிக அணித்து.

ஆயின், பின்னாளில் இவ்விரு சொற்களும் வேறு வேறு நெறியிற் சென்றன. கவ்வியூதி என்பது வேதத்தில் ஒரு வழக்காகவும், வழியை அளக்கும் அளவையில் ஒரு வழக்காகவும் நிற்றலைக் காத்தியாயனர் தம் வார்த்திகங்களில் இருவேறாக எடுத்தோதினார். அமரசிங்கர் காலத்தில் புல்நிலப் பொருள் பின்னிட, இரண்டு குரோசம் கொண்ட தூரம் என்பதே அதன் பொருளாயிற்று. குரோசம் என்பதோ கூப்பிடு என்னும் பொருளது. கூவினாற் கேட்கும் எல்லை. பாலியிற் காவுதம் என நின்றதும் இதுவே. தமிழில் வழங்கும் காவதம், காதம் என்பனவும் இதன் வழியின என ஆராய்ச்சியாளர் கருதுவர். அங்ஙனமாயின், ஊர்க்கும் ஊர்க்கும் இத்தனை காதம் என்று எண்ணுவோர், தம்மை அறியாமலே புல்வெளிகளை எண்ணுகின்றார் ஆவர்.

இரண்டு சொற்களும் புல்நிலத்தினின்றே புறப்பட்டன எனினும் அவற்றிடையே பெரியதொரு வேறுபாடு உளதாயிற்று. கவ்வியூதி அளவாயிற்று. அளவு யார்க்கும் ஒன்றே; நடப்பவன் முடவனாயினும் விரைவுடையனாயினும் இரண்டு குரோசம் இரண்டு குரோசமே. கோசரம் அங்ஙனம் அளவாகவில்லை. அது மேயும் உயிரை நோக்கியே வரையறுக்கப்படுவது. கண்ணுக்குக் கோசரமாவது உருவம். செவிக்குக் கோசரமாவது ஓசை. கண்ணுக்கும் செவிக்கும் இடையே உள்ள தூரம் சில விரற்கிடையே; எனினும் செவியருகே எழும் ஓசையைக் கண் கவராது. அது சேய்மையால் வந்த குறையன்று. ஓசை கண் மேயும் நிலத்ததன்று என்பதே காரணம். கண்ணில் எழுதிய மையைக் கண் காணாமையும் சேய்மையால் அன்று என்பது யாவரும் அறிந்தது.

ஆகவே அகோசரம் என்பதற்கு எட்டாதது என்று மட்டும் கூறி நிறுத்துதல், கோசரத்தைக் கவ்வியூதியாகக் கொண்டு கூறியதாம். எட்டுதல் தூரத்தை உட்கொண்ட சொல். தூரம் உளதேல் நடந்து கடத்தலும் உளதாம். இன்னும் சில காதம் செல்லின் மனம் இறைவனைச் சென்று பற்றும் என்பது போந்த பொருளாகும். உயிர்க்கு உயிராய் நிற்பவனைக் குறித்து இங்ஙனம் கூறுதல் சித்தாந்தத்திற்கு ஏலாது.

அற்றேல், அறியப்படாதது என்றல் அமையுமோ எனின், அதற்கு விடை சிவஞானபோதம் ஆறாஞ் சூத்திரத்தில் உளது. பொறி புலன்களால் அறியப்படும் பொருளெல்லாம் அசத்து. ஓராற்றானும் அறியப்படாததோ இல்பொருள். இவ்விரண்டும் அல்லாத சிவசத்து இறைவன் என மெய்கண்ட தேவர் நிறுவினார். அறியப்படாதது என்னும் உரை இவற்றுள் இரண்டாவதன்கண் போய் விழுகின்றது. 'இன்ன அறிவால்' என்னும் அடை இன்றி அவ்வுரை நில்லாது. கோசரம் என்னும் சொல் அவ்வடையைத் தன்னுள்ளேயே கொண்டது. மேய்வது இன்னதென்று அறிந்தன்றி மேய்புலம் இன்னதென்று கூறல் ஆகாதன்றே.

இனி, கடோபநிடதம் உடம்பைத் தேராகவும் இந்திரியங்களைக் குதிரைகளாகவும் உருவகித்து, விடயங்களை அவற்றின் கோசரம் என்றது. ஆண்டுச் சங்கரர் மார்க்கம் எனப் பொருள் உரைத்தார். தேரிற் பூண்ட குதிரைக்கு வேண்டுவது வழியேயன்றிப் புல்லன்று. ஆதலின் அவ்வுரை அவ்விடத்திற்கு மிகப் பொருந்திற்று. அதனை எவ்விடத்தும் கொண்டு செல்லுதல் மட்டும் பொருந்தாது. குதிரை கடந்த வழி குதிரையினுட் புகுவதில்லை. ஆ மேய்ந்த புல்லோ ஆவின் உடம்பாகின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்தத் துணிபிற்கு இவற்றுள் எவ்வுவமை இயையும் என்பது கூறாமலே விளங்கும். உயிரைப் பசுவென்றும், அதனைக் கட்டிய கயிற்றைப் பாசமென்றும் வழங்கும் நூலுக்கு, கயிற்றின் நீளமே மேய்ச்சலின் எல்லை என்பது வலிந்து கொண்டதாகாது. பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் பதியை உணர்தல் இல்லையென ஒன்பதாஞ் சூத்திரத்து வைத்துக் கூறியதும் இவ்வெல்லையே.

சொல்லின் பிறப்பு ஒரு கொள்கையைச் சாதித்துவிடாது என்பதையும் ஈண்டு உடன் கொள்ளல் வேண்டும். கோசரம் புல்நிலம் ஆயினமையின் சித்தாந்தம் மெய் என்று வாதிப்பது நகைப்பிற்கு இடமாம். அளவைகளால் நிறுவப்பட்ட பொருளைச் சொல்லின் பழம்பொருள் விளக்கவே உதவும்.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கின்றது. எண்ணங்கள் வருணனை நோக்கிப் புல்நிலத்திற்குச் செல்லும் ஆக்கள்போலச் செல்கின்றன என்றது இருக்கு வேதம். சொற்கள் மனத்தொடும் அடையாது மீள்கின்றன என்றது தைத்திரீய உபநிடதம். ஒன்று போதலையும் மற்றொன்று மீடலையும் கூறின. இவை தம்முள் மாறுகொள்ளா. காலையிற் சென்ற ஆ மாலையில் மீள்வதே. சென்றது விழைவு, மீண்டது எல்லை. விழைந்த பொருள் அப்புல்லின்கண் இன்மையின் மீண்டது. பின்னர் அதனை அடையுமாறு எங்ஙனம் எனின், ஆவின் நடையால் அன்று என்பதே விடை. திருமூலர் திருமந்திரத்தில் ஓர் இல்லத்துப் பாற்பசு ஐந்து மேய்ப்பாரின்றி வெறித்துத் திரிவதையும், மேய்ப்பார் வந்து வெறி அடங்கின் அவை பால் பொழிவதையும் கூறினார். ஆண்டு வேறொரு புல்நிலம் தேடிச் செல்லுமாறு அவர் கூறவில்லை; புதிதாக வந்தவர் மேய்ப்பவரே.

அத்திருமூலர் தாமே சாத்தனூரில் ஆயன் ஒருவன் உடம்பிற் புகுந்தவர். இறந்து கிடந்த மூலனைச் சூழ்ந்து கதறிய ஆக்களின் துயர் தீர்த்தற்கு அங்ஙனம் புகுந்தார் என்பது பெரியபுராணம். கோசரம் என்பதற்கு நேரான தமிழாகிய மேய்விடம் என்னும் சொல்லைச் சேக்கிழார் அவ்விடத்தே ஆள்கின்றார். மகிழ்ந்தெழுந்த ஆக்கள் மேய்விடம் நோக்கி முற்செல்ல, அருள்கூர்ந்த நாயனார் அவற்றின் பின்னே சென்றார். மேய்ந்து காவிரித் துறையில் நீருண்டு கரையேறிய அவற்றைப் புறவின் நிழலில் இருத்திப் புறங்காத்தார். ஆக்களின் முகம் முன்னே புல்லின்மேல் இருந்தது. காப்பவர் அவற்றின் பின்னே நின்றார்.